ஏவுகணையும் அதனைச் சுமந்த வண்டியும்

போர்க்கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர், கருவி எத்துணைத் தூரம் எட்டும், எத்துணை விரைவிற் செல்லும், எத்துணை நிறையுள்ள வெடிமருந்தைச் சுமக்கும் என்பனவற்றை முதற்கண் கூறிப் பின்னரே ஏனையவற்றுக்குச் செல்வது வழக்கம். நிலத்திலிருந்து வானுக்கு ஏவப்படும் ஏவுகணைகளைப் பற்றிய நூல்களிலும் இவ்வழக்கே மேலோங்கி நிற்கிறது. ஆனால் சோவியத்து ஒன்றியம் 1950களிலிருந்து 1980கள் வரை ஆக்கிய வான்காப்பு ஏவுகணைகளை ஆண்டு வரிசையில் நிறுத்தி நோக்குமிடத்து, ஏவுகணையைக் காட்டிலும் அதனைத் தாங்கி நின்ற பீடமே பெரிதும் மாறிச் சென்றது என்பது புலனாகும். கொங்கிறீற்றுத் தளத்தில் ஊன்றப்பட்டிருந்த பீடம் முதலில் இழுவை வண்டியின் பின்னாற் சென்றது. பின்னர்ச் சங்கிலிச் சில்லுகளில் ஏறியது. இறுதியில் எட்டுச் சில்லுகளையுடைய பாரிய வாகனத்தின் ஓர் உறுப்பாகவே ஆகிவிட்டது. இம்மாற்றத்துக்குக் காரணம் யாது, இதனாற் காக்கப்பட்டது எது என்னும் இரு வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

வவுனியாவிலிருந்து இப்பொருளை ஆராய்வது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். சோவியத்து நெடுந்தூர வான்காப்பு ஏவுகணை எதுவும் இலங்கைக்கு வந்ததில்லை. அதன் வண்டி ஏ-9 பாதையில் உருண்டதுமில்லை. வந்தவை வேறு. உக்ரேனிடமிருந்து 2000ஆம் ஆண்டில் வாங்கப்பட்ட மிக்-27, மி-24 உலங்கு வானூர்தி, அன்ரனோவ் போக்குவரத்து வானூர்தி ஆகிய சோவியத்து வார்ப்புகள் வன்னி வானில் ஆண்டுக்கணக்கிற் பறந்தன. வானைப் பார்த்துப் பார்த்து வாழ்ந்த நிலப்பரப்பு இது. அன்றியும், 2008 செப்ரெம்பர் 9ஆந் திகதி அதிகாலை வான்காப்பின் கண்ணாகிய ராடர் ஒன்று இந்நகரிலேயே தாக்குதலுக்கு இலக்காயிற்று. அந்நிகழ்ச்சியைப் பிற்பகுதியில் நோக்குவோம். அதனை விளங்கிக்கொள்வதற்கு முதலில் மொஸ்கோவுக்குச் செல்லவேண்டும்.

1950இல் மொஸ்கோ நகருக்கு ஏவுகணை அரண் ஒன்று அமைக்குமாறு ஸ்ராலின் பணித்தார். பொன்னிறக் கழுகைக் குறிக்கும் பெர்க்குற் என்னும் பெயரால் தொடங்கிப் பின்னர் எஸ்-25 என வழங்கிய அத்திட்டம், 1955இல் பணியில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. நகர நடுவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவில் ஒரு வட்டமும், 90 கிலோமீற்றர் தொலைவில் மற்றொரு வட்டமுமாக 56 நிலையங்கள் கட்டப்பட்டன. ஒவ்வொரு நிலையமும் ஒரே வேளையில் 20 இலக்குகளை எதிர்கொள்ள வல்லது. அவற்றை இணைப்பதற்குக் கொங்கிறீற்று வட்டப் பாதைகள் காடுகளினூடே இடப்பட்டன. தமிழ் இலக்கண நூலார் மதில் காத்தலை நொச்சி என வகுத்தனர். புறப்பொருள் வெண்பாமாலை அதனைத் தனித்திணையாகவே கொண்டது. எஸ்-25 அரணை இருபதாம் நூற்றாண்டின் நொச்சி எனல் பொருந்தும். மதிலும் அகழியும் கொங்கிறீற்றும் மின்னலையுமாக மாறினவேயன்றி, ஊரைச் சூழ நின்று ஊரைக் காத்தல் என்னும் கருத்து மாறவில்லை. ஆயின் உலக நிலப்பரப்பில் ஆறிலொரு பங்கைக் கொண்டிருந்த நாடு, நகருக்கு நகர் இத்தகைய மதிலை எழுப்ப இயலுமா? லெனின்கிராட்டுக்கு இதனையொத்த வேறோர் அரண் தொடங்கப்பட்டு இடையிலே கைவிடப்பட்டது. செலவு அத்தகையது.

இவ்விடர்ப்பாட்டிலிருந்து பிறந்ததே எஸ்-75. அலெக்சாண்டர் ரஸ்பிளெற்றினின் நிறுவனம் அதன் மின்னணு உறுப்புகளையும், பியோத்தர் குறூஷினின் நிறுவனம் ஏவுகணையையும் ஆக்கின. 1957இன் இறுதியில் அது பணிக்கு வந்தது. ஏறத்தாழ பத்தரை மீற்றர் நீளமும் இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட நிறையும் கொண்ட அவ்வேவுகணையைச் சில்-157 என்னும் இழுவை வாகனம் அரைத்தொடர் வண்டியில் இழுத்துவரும். நடுவில் ராடரும் அதனைச் சூழ ஆறு ஏவுபீடங்களுமாக அமையும் நிலையம், மேலிருந்து பார்ப்போருக்கு ஒரு விண்மீன் கோலமாகத் தோன்றும். அக்கோலமே பிற்காலத்தில் அதனைக் காட்டிக்கொடுத்தது. இரண்டாம் படியின் திரவ எரிபொருளுக்கு நைத்திரிக் அமிலக் கலவை வேண்டியிருந்தமையால், அதனை நிரப்புவோர் இறப்பர் உடையும் நச்சுவாயு முகமூடியும் அணிந்து பணியாற்றினர். இடம் மாற்றுதல் இயலாததன்று. ஆனால் கட்டவிழ்த்து, ஏற்றி, புதிய இடத்தில் மீண்டும் நிறுத்தி முடிப்பதற்குள் மணித்தியாலங்கள் பல கழிந்துவிடும்.

எஸ்-75இன் புகழை உலகறியச் செய்த நிகழ்ச்சிகள் யாவரும் அறிந்தவை. 1959 ஒக்டோபர் 7இல் பெய்ஜிங் அருகே தாய்வானின் உளவு வானூர்தி ஒன்றை அது வீழ்த்தியது. 1960 மே 1இல் உரால் மலைப்பகுதியில் அமெரிக்காவின் யூ-2 வீழ்ந்தது; வானோடி பவர்ஸ் சிறைப்பட்டார். 1962 ஒக்டோபர் 27இல் கியூபாவின் மீது மற்றொரு யூ-2 வீழ்ந்து மேஜர் அண்டர்சன் மாண்டபோது உலகம் அணுப்போரின் விளிம்பில் நின்றது. இம்மூன்றும் மிக உயரத்தில், நேர்கோட்டில், தனித்துப் பறந்த வானூர்திகள் என்பதை மறத்தலாகாது. நிலையத்தையே தேடி வந்து அழிக்கும் பகை அதுவரை எஸ்-75க்கு வாய்க்கவில்லை.

இங்கே ஒரு கிளைச்செய்தி. இந்தியா 1960களில் எஸ்-75ஐப் பெற்றது. ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு ஆய்வுகூடம் 1970களில் அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராய்ந்து, அதேபோன்றதொன்றை ஆக்க முயன்றது; டெவில் என்பது அம்முயற்சிக்கு இடப்பட்ட பெயர். ஏவுகணை உருவாகாமலே திட்டம் 1980 அளவில் முடிந்தது. எனினும் அங்கு பயின்ற கைகளும், திரவ எரிபொருள் இயந்திரம் பற்றிய அறிவும் வீண்போகவில்லை. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் 1982இல் அவ்வாய்வுகூடத்தின் இயக்குநரானார். அடுத்த ஆண்டு யூலையில் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் தொடங்கியது. அத்திட்டத்தில் முதலில் வானேறிய பெரிய ஏவுகணையான பிருதிவியின் இயந்திரம் எஸ்-75இன் வழித்தோன்றல். வானைக் காக்கப் பிறந்த இயந்திரம் நிலத்தைத் தாக்கும் கருவியில் மறுபிறவி எடுத்தது. பாக்குநீரிணையின் இப்பக்கத்தில் அதே 1983 யூலை வேறொரு பொருளில் நினைவிலிருக்கிறது.

எஸ்-75 தன் உண்மையான தேர்வுக்கு உட்பட்டது வியற்நாமிலேதான். 1965 யூலை 24இல் அமெரிக்கப் போர்வானூர்தி ஒன்று முதன்முதலாக அங்கு ஏவுகணைக்கு இரையானது. மூன்று நாள்களின் பின்னர் அந்நிலையங்களை அழிக்க அமெரிக்க வானூர்திகள் திரண்டு வந்தன. அவை கண்டவை வெற்றுப் போலிகள். உண்மைத் தொகுதி அதற்குள் அகன்றுவிட்டது. போலிகளைச் சூழ மறைந்திருந்த வானெதிர்ப்புப் பீரங்கிகள் காத்திருந்தன. அன்று ஆறு வானூர்திகளை அமெரிக்கா இழந்தது. பல மணித்தியாலம் எடுக்கும் கருவியையே இரவோடு இரவாக, மனிதவலுவைக் கொண்டு, காட்டுப் பாதைகளில் நகர்த்தலாம் என்பதை வியற்நாமியர் காட்டினர். பின்னர் ராடர் அலையைப் பற்றிக்கொண்டே வந்து தாக்கும் ஏவுகணைகள் அமெரிக்கரிடம் வந்தன. ராடரை இயக்கினால் இடம் தெரிந்துவிடும். இயக்காவிடில் கண் இல்லை. இம்முரண் இன்றும் தீரவில்லை. 1972 டிசெம்பரில் கனோய் மீது பெருங்குண்டுவீச்சு நிகழ்ந்தபோது எஸ்-75கள் பி-52 வானூர்திகளை வீழ்த்தின. 15 இழந்ததாக அமெரிக்காவே ஏற்றுக்கொண்டது. அந்நகரைச் சுற்றி நின்ற ஏவுகணைகள் அந்நகருக்காகவே நின்றன என்பதைக் குறித்துக்கொள்வோம்.

வியற்நாமின் பாடத்தைச் சோவியத்துப் பொறியியலாளர் கற்றனர் எனப் பொதுவாக எழுதப்படுகிறது. அது பாதி உண்மையே. சோவியத்துத் தரைப்படை அதற்கு முன்னரே நகரும் ஏவுகணையைக் கேட்டிருந்தது; அதன் காரணம் வேறு. முன்னேறிச் செல்லும் தாங்கிகளுடன் வான்காப்பும் முன்னேற வேண்டும். கிறூக் என்னும் ஏவுகணை 1965இல் மொஸ்கோ அணிவகுப்பில் சங்கிலிச் சில்லு வண்டியில், வண்டிக்கு இரண்டாக, வெளிப்பட்டது. 1967இல் வந்த கூப், தூரம் குறைந்தது. வண்டிக்கு மூன்று ஏவுகணைகள். இவை நகரங்களைக் காக்கப் பிறந்தவையல்ல. இவற்றாற் காக்கப்படுவது படை. படை போனவிடத்துக்கு இவையும் போகும். நொச்சியை விட்டு வஞ்சிக்கு வந்துவிட்டோம். அதே 1967இல் நாட்டு வான்காப்புப் படைக்கு வந்த எஸ்-200 ஏவுகணையோ ஏறத்தாழ ஏழு தொன் நிறையுடையது. நூற்றைம்பது கிலோமீற்றருக்கு அப்பாலும் எட்டும். ஆனால் கட்டப்பட்ட நிலையத்தை விட்டு அசையாதது. தூரம் வேண்டுமாயின் நகர்வை இழக்கவேண்டும், நகர்வு வேண்டுமாயின் தூரத்தை இழக்கவேண்டும் என்பதே அக்காலப் பொறியியலின் எல்லையாக இருந்தது.

1973 ஒக்டோபர்ப் போரில் எகிப்தியரிடமும் சிரியரிடமும் இருந்த கூப் ஏவுகணைகள் இஸ்ரேலிய வான்படையைத் திகைக்க வைத்தன. அப்போரில் இஸ்ரேல் இழந்தது ஏறத்தாழ நூறு வானூர்திகள். ஒன்பது ஆண்டுகளின் பின்னர், 1982 யூன் 9இல், லெபனானின் பெக்கா சமவெளியில் நிலைமை தலைகீழாயிற்று. அங்கிருந்த 19 சிரியத் தொகுதிகளில் 17 ஒரே நாளில் அழிந்தன. அவற்றுட் பெரும்பாலானவை அதே கூப். 1973இல் வென்ற வண்டி 1982இல் தோற்றதேன்? 1981 வசந்தத்தில் சிரியர் அவற்றைப் பெக்காவுக்குக் கொண்டுவந்து, குழி தோண்டி இறக்கி, ஓராண்டுக்கு மேலாக அங்கேயே வைத்திருந்தனர். ஆளில்லா வானூர்திகள் ஒவ்வொன்றின் இடத்தையும் படமெடுத்து முடித்திருந்தன. சங்கிலிச் சில்லு இருந்தது, அது சுழலவில்லை. இராணுவ வரலாற்றாசிரியர் பலர் பெக்காவை மின்னணுவியலின் வெற்றியாகவே எழுதுவர். மின்னணுவியலுக்குப் பங்குண்டு, ஆனால் எதிரி எங்கிருக்கிறான் என்று ஓராண்டாகத் தெரிந்திருந்தமை அதனினும் பெரிய பங்கு என்பது என் கருத்து.

பெக்கா எரிந்த அதே காலத்தில்தான் தூரத்தையும் நகர்வையும் ஒருங்கே கொண்ட வண்டி சோவியத்துப் படைக்கு வந்தது. எஸ்-300இன் முதல் வடிவம் 1970களின் இறுதியில், கிறாஸ் பார இழுவை வாகனங்கள் இழுக்கும் தொடர் வண்டிகளில் வெளியானது; நிலைநிறுத்த ஒன்றரை மணித்தியாலம் வேண்டியிருந்தது. 1982 அளவில் வந்த எஸ்-300பிஎஸ் என்னும் வடிவம் ஐந்து நிமிடத்தில் ஆயத்தமாகும். அதேயளவு விரைவிற் புறப்படவும் செய்யும். ஒன்றரை மணித்தியாலத்தை ஐந்து நிமிடமாக்கியது ஏவுகணையன்று. அது ஒரு வண்டியின் வேலை.

அவ்வண்டியின் பிறப்பிடம் பெலருசியாவின் தலைநகர் மின்ஸ்க். அங்குள்ள வாகனத் தொழிற்சாலையில் 1954இல் அமைந்த சிறப்பு வடிவமைப்பு நிலையத்துக்குத் தலைமை தாங்கியவர் பொரிஸ் ஷாப்போஷ்னிக். 1960களின் தொடக்கத்தில் அவர் குழு ஆக்கிய மாஸ்-543 என்னும் வாகனத்துக்கு எட்டுச் சில்லுகள்; எட்டும் இயக்கச் சில்லுகள்; முன்னிரு அச்சுகளும் திரும்பும். ஒவ்வொரு ரயரும் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் விட்டமுடையது. நடுத்தர உயரமுள்ள ஒருவரின் தோளளவு. சேற்றில் ஓடும்போது ரயரின் காற்றழுத்தத்தைச் சாரதி தம் இருக்கையிலிருந்தே குறைக்கலாம். கெட்டிப் பாதைக்கு ஏறியதும் மீண்டும் ஏற்றலாம். இயந்திரம் 525 குதிரைவலு கொண்ட பன்னிரு உருளை டீசல். இரண்டாம் உலகப்போரில் ரி-34 தாங்கியை ஓட்டிய இயந்திரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. நூறு கிலோமீற்றர் ஓட எண்பது லீற்றருக்குக் குறையாமற் குடிக்கும். முதல் வடிவத்தில் சாரதிக்கு ஒன்றும் துணைவருக்கு ஒன்றுமாக இரு தனித்தனி அறைகள். இரண்டுக்குமிடையே உள்ள பள்ளத்தில் நிலத்திலிருந்து நிலத்துக்கு ஏவப்படும் நீண்ட ஏவுகணையின் மூக்கு படுத்திருக்கும். எஸ்-300ஐத் தாங்கிய 543எம் வடிவத்தில் இடப்புற அறை மட்டும் எஞ்சியது. ஏவுகணைகளோடு முழுவண்டியின் நிறை 40 தொன்னுக்கு மேல். நமது குளக்கட்டுப் பாதைகளின் மதகுகள் அதனைத் தாங்கா.

வண்டியின் பின்புறத்தில் நான்கு உருளைக் கொள்கலங்கள். ஏவும் வேளையில் அவை நெட்டாக நிமிர்ந்து நிலத்தில் ஊன்றி நிற்கும். எஸ்-75இன் பீடம் இலக்கை நோக்கித் திரும்ப வேண்டியிருந்தது. இதற்கு அத்தேவை இல்லை. வாயு அழுத்தத்தால் ஏவுகணை கொள்கலத்திலிருந்து எறியப்பட்டு, இருபது மீற்றருக்கு மேல் எழுந்த பின்னரே அதன் திண்ம எரிபொருள் பற்றிக்கொள்ளும். அதன்பின் எத்திசைக்கும் வளையும். ஆதலால் காட்டினிடையே ஒரு சிறு வெளி போதும். எரிபொருள் நிரப்புவோரும் முகமூடிகளும் இல்லை. தொழிற்சாலையில் மூடிய கொள்கலத்தைப் பத்தாண்டு வரை திறந்து பார்க்கவும் வேண்டா. குறூஷின் நிறுவனத்தின் அவ்வேவுகணை 75 கிலோமீற்றர் எட்டியது. பின்னர் அது 90 ஆயிற்று. தொகுதி ஒன்றில் 12 வண்டிகள் வரை இருக்கும், ஏவுகணைகள் 48. வழிகாட்டும் ராடரும் அதே மாஸ் வாகனத்தில் ஏறியிருந்தது. மொஸ்கோவின் மின்னணுவும், லெனின்கிராட்டின் ஏவுபீடமும், மின்ஸ்கின் சில்லுகளும் சேர்ந்ததே ஒரு வண்டி. 1991இன் பின்னர் அவை வெவ்வேறு நாடுகளின் பொருள்களாயின.

இனி இவ்வண்டியின் குறையைக் கூறவேண்டும். புவி உருண்டையானது, ராடர் அலை ஏறத்தாழ நேர்கோட்டிற் செல்வது. பத்து மீற்றர் உயரத்திலுள்ள அன்ரெனாவிலிருந்து, 50 மீற்றர் உயரத்திற் பறக்கும் வானூர்தியை ஏறத்தாழ 42 கிலோமீற்றருக்கு அப்பாற் காணவியலாது. ஏவுகணை 90 கிலோமீற்றர் எட்டினாலென்ன, 400 கிலோமீற்றர் எட்டினாலென்ன? கண் காணாததைக் கை எய்யாது. இதற்காகவே 24 மீற்றர் உயரக் கோபுர வண்டியொன்று ஆக்கப்பட்டது. அதன்மேல் அன்ரெனாவை ஏற்றினால் 42 என்பது 49 ஆகும். அவ்வேழு கிலோமீற்றருக்குக் கொடுக்கும் விலை, கோபுரத்தை நிறுத்தவும் இறக்கவும் செல்லும் நேரம். ஐந்து நிமிடத்தில் ஓடக்கூடிய வண்டியின் கண் மட்டும் ஓடமுடியாமல் நிற்கிறது. உயரம் நிலைப்பை வேண்டுகிறது; உயிர் நகர்வை வேண்டுகிறது.

சில்லு இருப்பதும் நகர்வதும் ஒன்றல்ல என்பதற்கு 1999இல் சேர்பியாவில் நிகழ்ந்தது தக்க சான்று. சொல்ற்றான் டானி என்பவரின் கட்டளையிலிருந்த தொகுதி, 1961ஆம் ஆண்டின் எஸ்-125 ஏவுகணையைக் கொண்டு மார்ச் 27 இரவில் அமெரிக்காவின் எஃப்-117 மறைவானூர்தியை வீழ்த்தியது. எஸ்-125 தானே ஓடும் வண்டியன்று. எனினும் ராடரைச் சில நொடிகளே இயக்குவது, எய்தவுடன் கட்டி அகல்வது என்னும் ஒழுக்கத்தை அவர் தம் குழுவுக்குப் பழக்கியிருந்தார். 2022 பெப்ரவரி 24இல் உக்ரேன்மீது ருசியா படையெடுத்தபோதும், அதற்கு முந்திய மணித்தியாலங்களில் தம் நிலையங்களை விட்டு அகன்ற எஸ்-300 தொகுதிகள் பல தப்பின. நகராதவை பல அழிந்தன. தப்பியவை எங்கோ இருக்கின்றன என்னும் அச்சத்தாலேயே ருசிய வானூர்திகள் உக்ரேனிய நகரங்களின் மேல் தாராளமாகப் பறக்க முடியவில்லை. ஆகவே நகர்வு தன்னையே காத்துக்கொள்வதற்கு மட்டும் உதவியது என்று முற்றாகக் கூறிவிட முடியாது. ஆனால் தொகுதி அகன்ற இடத்தில் இருந்த ஊர் அகலவில்லை என்பதும் அதேயளவு உண்மை.

நகர்வுக்கு இருண்ட பக்கமும் உண்டு. 2014 யூலை 17இல் கிழக்கு உக்ரேன் வானில் மலேசியப் பயணிகள் வானூர்தி எம்எச்-17 சுடப்பட்டு 298 பேர் மாண்டனர். சுட்டது புக் என்னும் நடுத்தூர ஏவுகணை. 1980களின் சோவியத்து வார்ப்பு. அதன் ஏவுவண்டி தன்னிடமே ராடரைக் கொண்டிருப்பதால் தனித்துச் சென்று எய்யவல்லது. ஆனால் பரந்த வானில் எவை பறக்கின்றன என்பதைக் காட்டும் துணை ராடர் அதனிடம் இல்லை. அவ்வண்டி தாழ்தள வாகனமொன்றில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டு, வயல்வெளியொன்றில் நின்று எய்து, அன்றிரவே எல்லை கடந்தது. அது வந்தும் போயும் சென்ற வழியைப் பொதுமக்கள் எடுத்த படங்களைக் கொண்டு ஆய்வாளர் கட்டங்கட்டமாக மீட்டெடுத்தனர். 2022 நவம்பரில் நெதர்லாந்து நீதிமன்றம் மூவரைக் குற்றவாளிகளாகக் கண்டது. ஒரு வண்டியின் பயணப்பாதை கொலைவழக்கின் சான்றாகியது.

வன்னியிலும் வடபுலத்திலும் வந்த ஏவுகணைகளுக்கு வண்டி வேண்டியிருக்கவில்லை. 1968இல் சோவியத்துப் படையில் சேர்ந்த ஸ்திரேலாவும் அதன் வழிவந்தவையும் தோளிலிருந்து ஏவப்படுபவை, மனிதனே ஏவுவண்டி. 1995 ஏப்ரில் 28, 29ஆந் திகதிகளில் பலாலி அருகே இரு அவ்றோ வானூர்திகளை விடுதலைப் புலிகள் ஏவுகணையால் வீழ்த்தியதோடு இலங்கைப் போரின் வான்முகம் மாறியது. 1998 செப்ரெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் நிறுவனத்தின் அன்ரனோவ்-24, 55 பேருடன் மன்னார்க் கடலில் மறைந்தது. அதுவும் தோளேவுகணையால் வீழ்ந்ததென்றே கருதப்படுகிறது. பயணிகளிற் பெரும்பாலோர் யாழ்ப்பாணத் தமிழர். மொஸ்கோவின் கொங்கிறீற்று வட்டத்திலிருந்து தோள்வரை வந்த நகர்வின் முழுத்தொலைவை அக்கடலிற் காணலாம். எய்தவர் எங்கிருந்து எய்தார், எங்கு போனார் என்பதற்கு அங்கே சில்லுத்தடமும் இல்லை.

2007 மார்ச் 26இல் விடுதலைப் புலிகளின் சிறு வானூர்திகள் கட்டுநாயக்க வான்படைத் தளத்தைத் தாக்கியபின், வானைக் காக்கவேண்டிய நிலை அரசுக்கு வந்தது. செக் நாட்டில் ஆக்கப்பட்ட சிலின் என்னும் நால்வர் வானூர்திகள் அவை. இரவில், மரவுச்சியை ஒட்டி, மெதுவாகப் பறப்பவை. முன்னர்க் கூறிய அடிவானக் கணக்கை இங்கே நினைவுகூர்க. நானூறு கிலோமீற்றர் ஏவுகணையும் வன்னிக் காட்டின்மேல் அத்தகைய வானூர்திக்கு எதிராக நாற்பது கிலோமீற்றர்க் கருவியே. வவுனியாவிலிருந்த வன்னிப் பாதுகாப்புப் படைத் தலைமையகத்தில் இந்தியா வழங்கிய இந்திரா வகை ராடர் இயங்கிவந்தது. தாழப் பறப்பவற்றைக் காண்பதற்கென்றே ஆக்கப்பட்டு, அடிப்படையில் வாகனங்களில் ஏற்றி நகர்த்தத்தக்க வகை அது. ஆயினும் வவுனியாவில் அது முகாமின் உறுப்பாக நிலைகொண்டது. ஊரில் யாவரும் அறிந்த முகாம். 2008 செப்ரெம்பர் 9 அதிகாலை பீரங்கித் தாக்குதலும் கரும்புலிகளின் தரைவழித் தாக்குதலும் வானூர்திக் குண்டுவீச்சும் ஒருங்கே அதன்மேல் நிகழ்ந்தன. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்தியத் தொழில்நுட்பவியலாளர் இருவர் காயமுற்றனர். வந்த வானூர்திகளில் ஒன்றைத் தன் எஃப்-7 வீழ்த்தியதாக அரசு அறிவித்தது. அக்கூற்று பின்னர் விவாதத்துக்குள்ளானது. பெக்காவில் கூப் வண்டிகளுக்கு நேர்ந்ததற்கும் வவுனியா ராடருக்கு நேர்ந்ததற்கும் அளவில் பெருவேறுபாடு உண்டு, வகையில் இல்லை. நகரவல்ல கருவி, நகராமல் நின்ற இடத்தில், நின்ற இடம் தெரிந்தமையால் தாக்கப்பட்டது.

இந்தியா 2018 ஒக்டோபரில் ஐந்து எஸ்-400 தொகுதிகளுக்கு ருசியாவோடு ஒப்பந்தம் செய்தது. 2021 டிசெம்பரிலிருந்து அவை வரலாயின. 2025 மே மாத மோதலில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தொலைவில் பெரிய வானூர்தி ஒன்றை அது வீழ்த்தியதாக இந்திய வான்படைத் தளபதி அவ்வாண்டு ஓகஸ்டில் கூறினார், பாகிஸ்தான் மறுத்தது. எஸ்-75இல் தொடங்கிய உறவின் அண்மைய அத்தியாயம் அது. தூரத்தின் எண் மீண்டும் செய்தித்தாள்களின் தலைப்பாயிற்று. வண்டியைப் பற்றி எழுதியவர் அரிது.

காக்கப்பட்டது எது என்னும் வினாவுக்கு இப்பொழுது வரலாம். பெர்க்குற் ஒரு நகரைக் காத்தது. கிறூக்கும் கூப்பும் படையைக் காத்தன. எஸ்-300பிஎஸ் வண்டி முதலில் தன்னைக் காத்துக்கொண்டு, அதன்பின் எஞ்சியதைக் காப்பது. ஒவ்வொரு படியிலும் பொறியியல் வளர்ந்தது. ஒவ்வொரு படியிலும் நிலத்தோடு பிணைந்திருந்தவர் காப்பின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர். மதில் உள்ளவரை மதிலுக்குள் இருப்போர் யார் என்பது தெளிவு. மதில் எட்டுச் சில்லுகளில் ஏறிப் புறப்பட்டபின் உள்ளே இருப்போர் என ஒருவருமில்லை.

வன்னி மக்களுக்கு இரு தரப்பின் வான்காப்பும் எட்டவில்லை. ராடர் அவர்களுக்கில்லை, காது இருந்தது. கிபிரின் ஓசையையும் மிக்கின் ஓசையையும் சிறுபிள்ளைகள் பிரித்தறிந்தனர். வளவுக்கொரு பதுங்குகுழி இருந்தது: ஆங்கில எல் எழுத்தின் வடிவில் வெட்டி, பனங்குற்றியோ தென்னங்குற்றியோ பரப்பி, மண்மூட்டை அடுக்கியது. 2008இன் பிற்பகுதியிலிருந்து இடப்பெயர்வு தொடங்கியபோது உழவு இயந்திரப் பெட்டிகளில் கூரைத்தகடும் கதவுநிலையும் ஏறின. குற்றிகளையும் சிலர் ஏற்றினர். குழியை விட்டுவிட்டே போகவேண்டியிருந்தது. கிளிநொச்சியில் வெட்டியதை விட்டுத் தருமபுரத்தில் வெட்டினர். அதனை விட்டு விசுவமடுவிலும், உடையார்கட்டிலும், சுதந்திரபுரத்திலும் வெட்டினர். மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் வந்தபோது கடற்கரை மணல். வெட்ட வெட்டச் சரிந்தது. சேலைகளைத் தைத்து மூட்டையாக்கி மணலை நிரப்பினர். 2009 மே மாதத்தின் பின்னர் எஞ்சியோரிற் பெரும்பாலோர், இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர், வவுனியா மாவட்டத்தின் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டனர். அம்முகாம் 2012 செப்ரெம்பரிலேதான் மூடப்பட்டது.